வலப்பக்கம் திரும்பும் பெருந்தமனியும் குழந்தையின் மூச்சுச் சத்தமும்: ரிப்போர்ட்டை எப்படி வாசிப்பது?

கேள்வி: "எட்டு மாதக் குழந்தை. பிறந்ததிலிருந்தே மூச்சு விடும்போது கரகரவென்று சத்தம். சளி என்றார்கள், ஆஸ்துமாவாக இருக்கலாம் என்றார்கள். பலமுறை நெபுலைசர் வைத்தும் குறையவில்லை. இப்போது சி.டி. எடுத்ததில் 'வலப்பக்க அயோர்ட்டிக் ஆர்ச், இடம் மாறிக் கிளைத்த இடது சப்கிளேவியன் தமனி, கொம்மெரெல் டைவர்டிகுலம்' என்று எழுதியிருக்கிறார்கள். இது இதய நோயா? ஆபரேஷன் அவசியமா? செய்தால் சத்தம் நின்றுவிடுமா?"

பதில்:

மூன்று கேள்விக்கும் முதலில் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். எக்கோவில் இதயத்தின் அறைகளும் வால்வுகளும் சரியாக இருந்தால், இது இதயத்துக்குள் உள்ள நோய் அல்ல. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் போகும் பாதை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பாதை மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் சேர்த்து வளைத்துப் பிடித்திருப்பதுதான் சத்தத்துக்குக் காரணம் என்று உறுதியானால் ஆபரேஷன் வேண்டும். மருந்தால் இது விலகாது. ஆபரேஷன் முடிந்த மறுநாளே சத்தம் நிற்காது. பல மாதம் ஆகலாம். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ரிப்போர்ட்டில் உள்ள பெயர்கள் பயமுறுத்தும். ஆனால் இந்தக் கோளாறுகளில் பெயரைவிட முக்கியமான கேள்வி ஒன்றுதான்: வளையம் முழுதாக மூடியிருக்கிறதா, இல்லையா? அதைத் தீர்மானிக்கும் உறுப்பு பெரும்பாலும் ஸ்கேனில் தெரிவதே இல்லை. ரிப்போர்ட்டை வாசிப்பதில் உள்ள சிக்கல் முழுக்க அங்கேதான்.

வழக்கமான அமைப்பைத் தெரிந்துகொண்டால் மீதி எளிது. பெருந்தமனி, அதாவது அயோர்ட்டா, இதயத்தின் மேல் கிளம்பி, மூச்சுக்குழாய்க்கு இடப்புறமாக வளைந்து பின்னால் போய், முதுகெலும்பின் இடப்பக்கம் கீழே இறங்குகிறது. வளைவின் மேலிருந்து மூன்று கிளைகள் வரிசையாகப் பிரியும். முதல் கிளை இன்னாமினேட், சற்றுத் தூரம் போய் வலது கைக்கும் வலக் கழுத்துக்கும் இரண்டாகப் பிரியும். அடுத்தது இடது கரோட்டிட், மூளைக்குப் போவது. மூன்றாவது இடது சப்கிளேவியன், கைக்குப் போவது. வளைவின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு நார் கிளம்பி நுரையீரல் தமனியின் இடது கிளையோடு சேரும். கருவில் இருக்கும்போது அது நாரல்ல, டக்டஸ் என்ற திறந்த குழாய். நுரையீரல் வேலை செய்யாத அந்த நாட்களில் ரத்தம் அதன் வழியே நேராகப் பெருந்தமனிக்குப் போகும். பிறந்து ஓரிரு நாளில் அது சுருங்கி மூடும். சில வாரங்களில் காய்ந்து நாராகிவிடும். அந்த நாரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவின் நான்காவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் இந்த அமைப்பு உருவாகிறது. முதலில் எல்லாருக்கும் இரண்டு வளைவுகள்தான்: மூச்சுக்குழாய்க்கு வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று. பிறகு வலது வளைவின் பின்பகுதி கரைந்து, இடது வளைவு மட்டும் நிற்கும். 1948இல் ஜெஸ்ஸி எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் ஒரு வரைபடம் போட்டார். இருபுறமும் வளைவு, இருபுறமும் டக்டஸ் என்று வரைந்துகொண்டு, எந்த இடத்தில் அறுந்தது என்று கேட்டால் ஏறக்குறைய எல்லாக் கோளாறும் அதிலிருந்தே விளங்கும். இன்றும் குழந்தை இதய மருத்துவம் படிப்பவர்கள் அதை வைத்துத்தான் கற்கிறார்கள்.

அந்த வரைபடத்தில் எங்குமே அறுபடவில்லை என்றால் இரட்டை வளைவு. இடது வளைவு, இடது கரோட்டிட்டுக்கும் இடது சப்கிளேவியனுக்கும் நடுவே அறுந்தால் உங்கள் குழந்தைக்கு இருப்பது. இடது சப்கிளேவியனையும் தாண்டி அறுந்தால், வழக்கமான அமைப்பைக் கண்ணாடியில் பார்ப்பது போன்ற வலப்பக்க வளைவு. வலது வளைவு, வலது கரோட்டிட்டுக்கும் வலது சப்கிளேவியனுக்கும் நடுவே அறுந்தால், வளைவு இடப்பக்கமே இருக்கும். வலது கைக்குப் போகும் தமனி மட்டும் கடைசிக் கிளையாகக் கிளம்பி உணவுக்குழாய்க்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போகும்.

ஆகவே எந்த ரிப்போர்ட்டைப் பார்த்தாலும் மூன்று விஷயத்தைத் தேடுங்கள். வளைவு மூச்சுக்குழாய்க்கு எந்தப் பக்கம் போகிறது? கிளைகள் எந்த வரிசையில் பிரிகின்றன? டக்டஸ் அல்லது அதன் நார் எந்தப் பக்கம்? மூன்றாவதைப் பற்றி ரிப்போர்ட் மௌனமாக இருந்தால் ரேடியாலஜிஸ்ட்டிடமே கேட்கலாம், கேட்பதில் தவறில்லை.

உங்கள் குழந்தைக்கு வருவோம். வளையத்தின் வலது பக்கம் பெருந்தமனி வளைவு. பின்பக்கம், உணவுக்குழாய்க்கும் முதுகெலும்புக்கும் நடுவே ஓடும் இடது சப்கிளேவியனின் தொடக்கம். முன்பக்கம் நுரையீரல் தமனி. இடது பக்கத்தை மூடுவது அந்த நார். அதில் ரத்தம் ஓடாது. எனவே ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் எக்கோவின் கலர் டாப்ளரிலும் தெரியாது, சி.டி.யில் செலுத்தும் சாய மருந்திலும் நிறையாது. படத்தில் இடப்பக்கம் திறந்திருப்பது போலவே தெரியும். அப்படியானால் நார் அங்கே இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்? கொம்மெரெல் டைவர்டிகுலம் என்ற புடைப்புதான் சாட்சி. கருவில் டக்டஸ் வழியே வந்த ஏராளமான ரத்தம் சப்கிளேவியனின் அடிப்பகுதி வழியாகத்தான் பெருந்தமனிக்குள் போயிருக்கிறது. அதனால் அந்த அடிப்பகுதி மட்டும் அகலமாக வளர்ந்து, பிறந்த பிறகும் புடைப்பாக நின்றுவிட்டது. புடைப்பு இருந்தால் நார் இடப்பக்கம் இருக்கிறது, வளையம் மூடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சப்கிளேவியன் புடைப்பே இல்லாமல் தொடக்கத்திலிருந்து ஒரே அளவில் மெலிதாகக் கிளம்பினால் நார் வலப்பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது வளையம் இல்லை. இப்புடைப்புக்குப் பெயர் தந்த புர்க்ஹார்ட் கொம்மெரெல் ஒரு ஜெர்மானிய ரேடியாலஜிஸ்ட். 1936இல் அவர் விவரித்தது இதற்கு எதிர்ப்பக்கம், இடப்பக்க வளைவில் வலது சப்கிளேவியனின் அடியில் இருந்த புடைப்பு.

'வலப்பக்க ஆர்ச்' என்ற சொல்லை மட்டும் இணையத்தில் தேடினால் ஃபாலோ டெட்ராலஜி, ட்ரங்கஸ் என்று பெரிய இதயக் கோளாறுகள் வரிசையாக வந்து நிற்கும். அவை பெரும்பாலும் கண்ணாடி பிம்ப வகையோடு சேர்ந்து வருபவை. டெட்ராலஜி உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வளைவு வலப்பக்கம் இருக்கும். அந்த வகையில் நார் பெரும்பாலும் முன்பக்கமாகவே, இன்னாமினேட்டிலிருந்து நுரையீரல் தமனிக்குப் போய்விடும். உணவுக்குழாய்க்குப் பின்னால் எதுவும் ஓடாது. அதாவது அங்கே வளையம் இல்லை, இதயம் சந்தேகத்துக்குரியது. உங்கள் குழந்தையின் வகையில் வளையம் உண்டு, இதயம் பெரும்பாலும் நன்றாக இருக்கும். பெயர் ஒன்று போலிருந்தாலும் கவலைப்பட வேண்டிய இடம் நேர் எதிர்.

சத்தம் எப்படி வருகிறது? கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் விட்டம் 4, 5 மி.மீ.தான். குழாயின் ஆரம் குறையக் குறைய காற்றுக்கு ஏற்படும் தடை அதன் நான்காம் அடுக்கில் ஏறும். 4 மி.மீ. விட்டம் 3 மி.மீ. ஆனால் தடை மூன்று மடங்குக்கும் மேல். சாதாரணச் சளி பிடித்து உள்சவ்வு கொஞ்சம் வீங்கினாலே, மற்றக் குழந்தைகள் மூக்கொழுகலோடு தாண்டிவிடும் இடத்தில் இந்தக் குழந்தை ஐ.சி.யு. வரை போவது இதனால்தான்.

சத்தத்தின் தன்மையைக் கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும். குரல்வளை தொளதொளப்பாக இருக்கும் லாரிங்கோமலேசியாவில் மூச்சை உள்ளே இழுக்கும்போது சத்தம் வரும். மல்லாந்து படுத்தால் கூடும், குப்புறப் போட்டால் குறையும். ஒன்று, ஒன்றரை வயதில் தானாகத் தணிந்துவிடும். பச்சிளங்குழந்தையின் மூச்சுச் சத்தத்துக்கு அதுதான் மிகப் பொதுவான காரணம் என்பதால் 'வளர வளர சரியாகிவிடும்' என்று சொல்லி அனுப்புவது பெரும்பாலும் சரியாகவே முடிகிறது. வளையம் இருந்தால் நெருக்குவது நெஞ்சுக்குள். எனவே மூச்சை வெளியே விடும்போதும், அல்லது இரண்டு திசையிலும், சத்தம் வரும். இருமல் நாய் குரைப்பது போல் உலோகச் சத்தத்தோடு இருக்கும். பால் குடிக்கும்போது கூடும், ஏனெனில் நிறைந்த உணவுக்குழாய் முன்னால் உள்ள மூச்சுக்குழாயின் பின்சுவரை மேலும் தள்ளுகிறது. குழந்தை தலையைப் பின்னால் சாய்த்துக் கழுத்தை நீட்டிப் படுக்கும். அப்படிச் செய்தால் மூச்சுக்குழாய் இழுபட்டு நிமிர்ந்து கொஞ்சம் திறக்கும் என்று அதன் உடம்பே கண்டுபிடித்த உபாயம் அது. கழுத்தை நேராக்குகிறேன் என்று மடக்கிப் படுக்க வைக்காதீர்கள்.

நெபுலைசர் வேலை செய்யாததற்கும் காரணம் உண்டு. அதில் வைக்கும் சால்பியுடமால் சிறிய சுவாசக் கிளைகளின் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்து. இங்கே அடைப்பு பெரிய குழாயில், வெளியிலிருந்து வரும் அழுத்தத்தால். மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு ஏற்கெனவே வலுவிழந்திருந்தால் தசையைத் தளர்த்துவது சுவரை இன்னும் சரியச் செய்து, சத்தத்தைக் கூட்டவும் கூடும். 'கணை' என்றும் 'இழுப்பு' என்றும் மாதக்கணக்கில் மருந்து கொடுத்தும் அசையாத சத்தத்துக்கு ஓர் எக்ஸ்ரேயாவது எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நல்ல எக்ஸ்ரேயில் மூச்சுக்குழாயின் காற்று நிழல் எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது என்று தெரியும். வழக்கத்தில் அது வளைவுக்கு எதிராக லேசாக வலப்பக்கம் சாய்ந்திருக்கும். நடுவில் நேராக நின்றாலோ இடப்பக்கம் தள்ளப்பட்டிருந்தாலோ, வளைவு எங்கே போனது என்ற கேள்வி எழ வேண்டும்.

பேரியம் விழுங்கவைத்து எடுக்கும் படம் இன்று பழசாகிவிட்டது. ஆனாலும் சி.டி. வசதி உடனே இல்லாத இடத்தில் அது சொல்வது அதிகம். உணவுக்குழாயின் பின்பக்கம் பள்ளம் விழுந்தால் வளையம் அல்லது பின்னால் ஓடும் தமனி. முன்பக்கம் பள்ளம் விழுந்தால் முற்றிலும் வேறு நோய்; அதைக் கீழே சொல்கிறேன். எக்கோ செய்பவர் முதல் கிளை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து வளைவின் பக்கத்தைக் கணிப்பார். முதல் கிளை போவதற்கு எதிர்ப்பக்கம்தான் வளைவு இருக்கும். மூச்சுக்குழாயில் காற்று நிறைந்திருப்பதால் எக்கோவில் அதைத் தெளிவாகப் பார்க்க முடியாது. எனவே முடிவு சொல்வது சாய மருந்து கொடுத்து எடுக்கும் சி.டி. ஆஞ்சியோ. மருந்து கிலோவுக்கு 1.5 முதல் 2 மி.லி. அளவில் போகும், நவீனக் கருவியில் படம் சில நொடியில் முடியும், பல குழந்தைகளுக்கு மயக்க மருந்தே தேவைப்படாது. எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. ஆனால் அரைமணிக்கு மேல் அசையாமல் கிடக்க வேண்டும் என்பதால் மயக்கம் கொடுப்பார்கள். மூச்சுக்குழாய் நெருக்கப்பட்ட குழந்தைக்கு மயக்கம்தான் ஆபத்து. இந்த நோயில் சி.டி.யை விரும்புவதற்கு அதுவே காரணம்.

கர்ப்பத்தில் 18 முதல் 22 வாரத்துக்குள் செய்யும் அனாமலி ஸ்கேனிலேயே இப்போது பலருக்கு இது பிடிபடுகிறது. மூன்று குழாய்களையும் மூச்சுக்குழாயையும் ஒரே தளத்தில் பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. அதில் பெருந்தமனியும் டக்டஸும் மூச்சுக்குழாய்க்கு இடப்புறம் ஆங்கில 'வி' எழுத்துப் போலச் சேர வேண்டும். வலப்பக்க வளைவும் இடது டக்டஸும் இருந்தால் மூச்சுக்குழாயை நடுவில் வைத்து 'யூ' எழுத்துப் போல விரியும்.

இனி இதன் உறவுக்காரர்கள். ஒன்றை மற்றொன்றாக எண்ணிக் குழம்பாமல் இருக்க இவற்றையும் தெரிந்துகொள்வது நல்லது.

இரட்டை வளைவுதான் எல்லாவற்றிலும் இறுக்கமான வளையம். பெருந்தமனியே இரண்டாகப் பிரிந்து, மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் நடுவில் வைத்துப் பின்னால் மறுபடி சேரும். பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். நான்கில் மூன்று பங்குக் குழந்தைகளில் வலது வளைவுதான் பெரிது. சிறிய இடது வளைவின் ஒரு பகுதி ரத்தம் ஓடாத நாராகவே அடைந்துபோயிருந்தால் சி.டி.யில் அது வலப்பக்க வளைவு போலத் தோன்றி ஏமாற்றும். அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட் நெஞ்சின் மேல்வாய்த் தளத்தில் நான்கு தமனிகள் தனித்தனியாக, இருபக்கமும் சமமாக நிற்கின்றனவா என்று பார்ப்பார். நின்றால் இரட்டை வளைவைச் சந்தேகிக்க வேண்டும். இதை முதன்முதலில் அறுத்துப் பிரித்தவர் பாஸ்டனின் ராபர்ட் கிராஸ், 1945இல்.

இடப்பக்க வளைவோடு வலது சப்கிளேவியன் மட்டும் பின்னால் சுற்றிப் போவது அபூர்வமே அல்ல. நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இருக்கும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் இன்னும் அதிகம். நார் முன்னால் இருப்பதால் வளையம் மூடாது. பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க எந்தத் தொல்லையும் வராது. விழுங்கச் சிரமப்பட்டு இறந்த ஒரு பெண்ணின் உடலில் இந்தத் தமனியைக் கண்டு டேவிட் பேஃபோர்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதினார். அதிலிருந்து விழுங்கும் சிரமத்துக்கெல்லாம் இதைக் குற்றம் சாட்டும் வழக்கம் வந்தது. கைக்குழந்தையின் மூச்சுச் சத்தத்துக்கு இது மட்டுமே காரணம் என்று யாராவது சொன்னால் வேறு காரணத்தையும் தேடச் சொல்லுங்கள். இதன் உண்மையான தொல்லை வேறு இடங்களில் இருக்கிறது. தைராய்டு ஆபரேஷனில், வலப்பக்கக் குரல் நரம்பு இவர்களுக்குக் கீழே சுற்றி வராமல் நேராகக் குரல்வளைக்கே போகும். தெரியாமல் வெட்டிவிட வாய்ப்புண்டு. வலது மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம் செய்யும்போது கதீட்டர் இதயத்தை நோக்கித் திரும்பாமல் கீழ்நோக்கி ஓடும்.

முன்பக்கப் பள்ளம் என்றேனே, அது நுரையீரல் தமனிக் கவண். இடது நுரையீரல் தமனி தன் இடத்தில் கிளம்பாமல் வலது தமனியிலிருந்து கிளம்பி, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே புகுந்து இடப்பக்கம் வரும். நம் பட்டியலில் இந்த இரண்டுக்கும் இடையில் ஓடுவது இது ஒன்றுதான். இவர்களில் பாதிப் பேருக்கு மேல் மூச்சுக்குழாயின் குருத்தெலும்பே முழு வட்டமாக இருக்கும். இயல்பில் அது பின்னால் திறந்த அரைவட்டமாக இருக்க வேண்டும். முழு வட்டக் குருத்து சேர்ந்து வளராமல் மூச்சுக்குழாயை நீளத்துக்குக் குறுக்கிவிடும். எனவே தமனியை மட்டும் இடம் மாற்றினால் போதாது. இதய–நுரையீரல் இயந்திரத்தில் வைத்து, அதே அமர்வில் மூச்சுக்குழாயைக் குறுக்கே வெட்டி, இரு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கித் தைத்து அகலப்படுத்துவார்கள். ஸ்லைடு டிரக்கியோபிளாஸ்டி என்பது இதுதான். இதை எல்லா மையத்திலும் செய்வதில்லை. செய்து பழகிய இடத்துக்கே போக வேண்டும்.

வளையமே இல்லாத, ஆனால் மணிக்கணக்கில் உயிர் போகக்கூடிய இன்னொன்று, வளைவு அறுபட்டுப் போவது. பெருந்தமனியின் மேல்பகுதிக்கும் கீழ்பகுதிக்கும் தொடர்பே இருக்காது. கீழ் உடலுக்கு ரத்தம் டக்டஸ் வழியாகத்தான் போகும். பிறந்து ஓரிரு நாளில், சிலருக்குச் சில நாள் கழித்து, டக்டஸ் மூடத் தொடங்கியதும் குழந்தை பால் குடிக்காமல் துவண்டு, சாம்பல் நிறமாகி, சிறுநீர் நின்றுவிடும். கிருமித் தொற்று என்றே முதலில் தோன்றும். காலில் நாடித்துடிப்பு தேடும் பழக்கம் உயிர் காக்கும் இடம் இது. டக்டஸைத் திறந்து வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஈ1 மருந்தை உடனே தொடங்க வேண்டும். கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.05 முதல் 0.1 மைக்ரோகிராம் என்று ஆரம்பித்து, துடிப்பு திரும்பியதும் 0.01 வரை குறைப்பார்கள். இம்மருந்தே மூச்சை நிறுத்திவிடக்கூடும் என்பதால் வெண்டிலேட்டர் பக்கத்தில் தயாராக இல்லாமல் ஆம்புலன்ஸில் ஏற்றக் கூடாது. ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுப்பதும் தவறு. அது டக்டஸை இன்னும் மூடத் தூண்டும், நுரையீரலுக்கே ரத்தத்தை இழுக்கும்.

இந்த அறுபட்ட வளைவில் ஏ, பி, சி என்று மூன்று வகை. இடது சப்கிளேவியனுக்குப் பின் அறுந்தால் ஏ. இடது கரோட்டிட்டுக்கும் இடது சப்கிளேவியனுக்கும் நடுவே என்றால் பி, இதுதான் அதிகம். இன்னாமினேட்டுக்கும் இடது கரோட்டிட்டுக்கும் நடுவே என்றால் சி, மிக அரிது. வலது கையிலும் காலிலும் ஆக்சிஜன் அளவு பார்த்து 3 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகி என்பது பிறந்த குழந்தைகளுக்கான பொது விதி. பி வகையோடு வலது சப்கிளேவியனும் இடம் மாறிக் கடைசிக் கிளையாகப் பிரிந்திருந்தால் அந்த விதி பொய்த்துவிடும். இரண்டு கைக்கும் காலுக்கும் ஒரே டக்டஸ் ரத்தம்தான் போகும், வித்தியாசம் காட்டாது. கையிலும் காலிலும் துடிப்பு மெலிந்து, கழுத்துத் துடிப்பு மட்டும் பலமாக இருந்தால் இதை நினைக்க வேண்டும்.

பி வகைக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இருக்காது. டிஜார்ஜ் சிண்ட்ரோம் என்பார்கள். வலப்பக்க வளைவு, இடம் மாறிய சப்கிளேவியன் உள்ளவர்களிலும் இது பொதுமக்களைவிட அதிகம் காணப்படுகிறது. ஆகவே உங்கள் குழந்தைக்கும் ஃபிஷ் அல்லது மைக்ரோஅரே ரத்தப் பரிசோதனை ஒன்று கேட்டு வாங்குங்கள். ஆபரேஷனுக்கு முன்பே முடிவு தெரிவது நல்லது. அந்தத் துண்டு இல்லாத குழந்தைக்கு ரத்தத்தில் கால்சியம் சரிந்து வலிப்பு வரலாம். தைமஸ் சுரப்பி இல்லாமல் நோய் எதிர்ப்பு குறைந்திருந்தால், கதிர்வீச்சு கொடுத்துத் தயார் செய்த ரத்தத்தைத்தான் ஏற்ற வேண்டும். சி.டி.யில் தைமஸ் தெரிகிறதா என்று ரேடியாலஜிஸ்ட்டிடமே கேட்டுவிடலாம், படம் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

இனி ஆபரேஷன். உங்கள் குழந்தையின் வகைக்கு இதயத்தை நிறுத்த வேண்டியதில்லை, நெஞ்செலும்பைப் பிளக்க வேண்டியதும் இல்லை. இடது விலாவில், வழக்கமாக நான்காவது விலா இடைவெளி வழியாக உள்ளே போவார்கள். நாரைக் கண்டுபிடித்து, இரு பக்கமும் கவ்விப் பிடித்து, நடுவில் வெட்டி, இரு முனையையும் தைப்பார்கள். வெறும் கட்டுப் போட்டு விடுவதில்லை; நார் என்று நினைத்ததில் சிறு துளை திறந்தே இருக்கலாம், கட்டு நழுவினால் ரத்தம் பீறிடும். இரட்டை வளைவில் சிறிய வளைவை வெட்டும்போது இன்னொரு படி உண்டு: முதலில் கவ்வியை மட்டும் போட்டு, இரு கைகளிலும் காலிலும் துடிப்பு குறையவில்லை என்று பார்த்த பிறகே வெட்டுவார்கள். நாரை வெட்டியதும் உணவுக்குழாயைச் சுற்றி ஒட்டியிருக்கும் இழைகளையும் பிரித்துவிட வேண்டும். இதைச் சரியாகச் செய்யாமல் விட்டால் வளையம் போன பின்பும் விழுங்கும் சிரமம் நீடிக்கும்.

புடைப்பை என்ன செய்வது என்பதில்தான் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு. நாரை மட்டும் வெட்டினால் போதும் என்பது பழைய வழக்கம். அப்படி விட்ட சில குழந்தைகளுக்கு வளர வளர அந்தப் புடைப்பே பின்னாலிருந்து அழுத்தி மறுபடி தொல்லை கொடுத்ததைக் கண்டு, ஷிகாகோவில் கார்ல் பேக்கர் குழுவினர் புடைப்பை வெட்டி எடுத்து, இடது சப்கிளேவியனை இடது கரோட்டிட்டோடு இணைக்கும் முறையைப் பரப்பினார்கள். புடைப்பின் அகலம் அதற்கு அப்பால் உள்ள சப்கிளேவியனின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால் எடுக்கலாம் என்பது அவர்கள் சொன்ன அளவு. என் பார்வையில் இந்த வாதம் பலமானது. ஆனால் பெரிய தமனியில் தையல் போடும் ஆபத்து கூடுகிறது என்பதால், செய்து பழகிய கை வேண்டும். உங்கள் சர்ஜனிடம் இந்த ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: புடைப்பை எடுக்கப் போகிறீர்களா, விடப் போகிறீர்களா, ஏன்?

என்ன தவறாகப் போகலாம்? குரல் நரம்பு அந்த நாரைச் சுற்றியே ஓடுகிறது. இழுபட்டால் குரல் கம்மும், பால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். பெரும்பாலும் சில மாதத்தில் தேறும். மார்பு நிணநீர்க் குழாய் காயப்பட்டால், பால் கொடுக்க ஆரம்பித்த பின் நெஞ்சில் வைத்த டியூப் வழியாக வெள்ளையாக நீர் வரும். அப்போது சாதாரணக் கொழுப்பை நிறுத்தி, எம்.சி.டி. கொழுப்பு உள்ள பால்பொடிக்கு மாற்றுவார்கள். வேறு கோளாறு இல்லாத குழந்தைக்கு உயிராபத்து மிகக் குறைவு. ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுவது வழக்கம்.

சத்தம் உடனே நிற்காததற்குக் காரணம், கருவிலிருந்தே அழுத்தத்தில் வளர்ந்த மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு அந்த இடத்தில் உறுதி பெறாமல் இருப்பது. வெளி அழுத்தம் போனாலும் சுவர் தொளதொளவென்று சரியும். டிரக்கியோமலேசியா என்று எழுதியிருப்பார்கள். ஆறு மாதம் முதல் ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும், சளி பிடிக்கும்போதெல்லாம் பழைய சத்தம் எட்டிப் பார்க்கும். அதைக் கண்டு ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று எண்ண வேண்டாம். சத்தம் குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, தடித்த உணவு இறங்காமல் நின்றாலோதான் மறுபடி சி.டி.யும், மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பியும்.

ஆபரேஷன் நாள் வரும்வரை வீட்டில் கவனிக்க வேண்டியவை. பாலைச் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுங்கள். நிமிர்த்திப் பிடித்துக் கொடுங்கள். எட்டு மாதம் என்பதால் திட உணவு தொடங்கியிருப்பீர்கள். நன்றாக மசித்த கூழ்ப் பதத்திலேயே இருக்கட்டும். வேகாத காய்த் துண்டு, பழத்துண்டு, கடலை வேண்டாம். வளையம் இருக்கும் இடத்தில் சிக்கிய துண்டு மூச்சையும் சேர்த்து அடைக்கும். உணவு இறங்கும்போது குழந்தை திடீரென்று மூச்சை நிறுத்தி, நீலம் பாய்ந்து, துவண்டால் அது வளையத்தின் அழுத்தத்தால் வரும் அனிச்சை நிறுத்தம். ஒருமுறை வந்தாலும் அவசரம்தான், ஆபரேஷன் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. வீட்டில் புகைபிடிப்பவர் இருந்தால் இப்போது நிறுத்த வேண்டும். இன்ஃப்ளூயன்ஸா உட்படத் தடுப்பூசி எதையும் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. நிமோனியா போன்ற வேறு காரணத்துக்காகக் குழந்தையை அட்மிட் செய்து, மூக்கு வழியாக வயிற்றுக்கு டியூப் போட நேர்ந்தால், உணவுக்குழாய்க்குப் பின்னால் ஒரு தமனி ஓடுகிறது என்று அங்கிருப்பவர்களிடம் முதலிலேயே சொல்லுங்கள். உள்ளே டியூப், வெளியே துடிக்கும் தமனி, நடுவில் மெல்லிய சுவர். வாரக்கணக்கில் அப்படியே இருந்தால் சுவர் அரித்துத் துளை விழும். வாயிலிருந்து திடீரென வரும் சிவந்த ரத்தம்தான் அதன் முதல் அறிகுறி. பிறகு காப்பாற்றுவது மிகக் கடினம். மூச்சுக்கான டியூப்பும் உணவு டியூப்பும் ஒரே நேரத்தில் நீண்ட நாள் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

ஒரு தொல்லையும் இல்லாமல் தற்செயலாக இது தெரியவந்த பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சிக்கல் மூச்சு அல்ல, புடைப்பு வீங்கிக் கிழிவது. புடைப்பின் வாய் 3 செ.மீ.யைத் தாண்டினாலோ, அதன் நுனியிலிருந்து பெருந்தமனியின் எதிர்ச்சுவர் வரை 5 செ.மீ.யைத் தாண்டினாலோ பல மையங்கள் சிகிச்சையை யோசிக்கும். உள்ளே ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்து, கைத்தமனியைக் கரோட்டிட்டோடு இணைப்பது இப்போது அதிகம் செய்யப்படுகிறது. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும் இடைவெளி விட்டு சி.டி. எடுத்து அளவைப் பார்ப்பதும் மற்றவர்களுக்குப் போதும்.

இரண்டாவது கருத்துக்காக வேறு மருத்துவமனை போவதாக இருந்தால் ஃபிலிமும் தட்டச்சு ரிப்போர்ட்டும் மட்டும் எடுத்துப் போகாதீர்கள். சி.டி.யின் முழு டைகாம் கோப்புகளை, அதாவது எல்லாத் தளமும் அடங்கிய மூலப் படங்களை, டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிலிமில் சில தளங்கள்தான் இருக்கும். புடைப்பை அளக்கவும், மூச்சுக்குழாய் எந்த இடத்தில் எவ்வளவு நெரிந்திருக்கிறது என்று பார்க்கவும் சர்ஜனுக்கு எல்லாத் தளமும் வேண்டும். மயக்க மருந்து நிபுணருக்கும் அதே படம் வேண்டும். டியூப்பின் நுனி நெரிந்த இடத்துக்கு மேலே நிற்க வேண்டுமா, தாண்டிப் போக வேண்டுமா என்பதை அவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.